நாற்று நடும் கையின் கணக்கு

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி செல்லும் சாலையில் இருக்கிறது வலங்கைமான். குடமுருட்டியில் தண்ணீர் வந்து வயல்களில் நடவு தொடங்கிவிட்டால், அந்தச் சாலையில் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தபடியே நீங்கள் ஓர் இயற்பியல் பாடம் படிக்கலாம். குனிந்து நிற்கும் பெண்களின் கைகளைக் கவனியுங்கள். இடக்கையில் நாற்று முடி. வலக்கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்தெடுக்கிறது. சேற்றை நோக்கி இறங்குகிறது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து வேரைச் சேற்றில் ஊன்றுகின்றன. கை மீண்டும் முடிக்குத் திரும்புகிறது. இது முழுவதும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று அடி நகர்ந்தபின் பார்த்தால், சேற்றுப் பரப்பு பச்சையாகிவிட்டிருக்கும்.

அடுத்த வயலில் அதே பெண்கள் வரிசை நடவு செய்வதாக வைத்துக்கொள்வோம். இரு வரப்புகளுக்கும் இடையே கயிறு பிடித்திருக்கிறார்கள். கயிற்றில் அளவுக்கு அளவு அடையாளம் கட்டியிருக்கிறது. நாற்று அந்த அடையாளத்துக்கு நேரேதான் ஊன்றப்பட வேண்டும். அதே கைகள், அதே நாற்று, அதே சேறு. ஆனால் வேகம் குறைந்துவிடுகிறது. கயிற்றை நகர்த்தும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒவ்வொரு கையும் சற்று மெதுவாகவே இறங்குகிறது.

“குறி பார்த்து நட வேண்டியிருக்கிறது, அதனால் நேரமாகிறது” என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் எவ்வளவு நேரமாகிறது? குறி பாதியாகச் சுருங்கினால் நேரம் இரு மடங்காகுமா? குறி தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு எண்களில் விடை உண்டு. அதைக் கண்டவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞர். விமானியின் அறையில் கருவிகளையும் பிடிகளையும் எப்படி அமைத்தால் பிழை குறையும் என்று ஆராய்ந்தவர். 1954-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த சோதனை மிக எளியது. உங்கள் வீட்டு மேசையிலேயே செய்யக்கூடியது.

இரண்டு உலோகத் தகடுகள் இடைவெளி விட்டு வைக்கப்பட்டன. கையில் ஓர் உலோகக் குச்சி. அதனால் இரு தகடுகளையும் மாறி மாறித் தட்ட வேண்டும். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. ஆனால் தகட்டுக்கு வெளியே தட்டக்கூடாது. ஃபிட்ஸ் இரண்டு அளவுகளை மட்டும் மாற்றினார். ஒன்று, தகடுகளுக்கு இடையிலுள்ள தொலைவு: 2, 4, 8, 16 அங்குலம். மற்றொன்று, தகட்டின் அகலம்: கால், அரை, 1, 2 அங்குலம். பதினாறு வகையான அமைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார்.

மிக எளிய அமைப்பு, 2 அங்குலத் தொலைவில் 2 அங்குல அகலத் தகடு. அதற்கு ஒரு தட்டலுக்கு ஏறக்குறைய 0.18 விநாடி. மிகக் கடினமானது, 16 அங்குலத் தொலைவில் கால் அங்குலத் தகடு. அதற்கு ஏறக்குறைய 0.73 விநாடி. இது எதிர்பார்க்கக்கூடியதே. இனி வருவதுதான் சுவையானது. 2 அங்குலத் தொலைவில் கால் அங்குலத் தகட்டைத் தட்ட 0.39 விநாடி ஆயிற்று. 16 அங்குலத் தொலைவில் 2 அங்குலத் தகட்டைத் தட்டவும் அதே 0.39 விநாடிதான்! கை எட்டு மடங்கு தொலைவு போகிறது; குறியும் எட்டு மடங்கு அகலமாகிறது; நேரம் மாறவில்லை.

ஆகவே நேரத்தைத் தீர்மானிப்பது தொலைவு மட்டுமன்று, அகலம் மட்டுமன்று, இரண்டின் விகிதம். அந்த விகிதம் இரு மடங்காகும்போது நேரம் இரு மடங்காகிவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் கூடுகிறது. ஃபிட்ஸின் சோதனையில் அந்த அளவு ஏறக்குறைய 0.1 விநாடி. இதைச் சமன்பாடாக எழுதுவோம். தொலைவை 2-ஆல் பெருக்கி அகலத்தால் வகுங்கள். கிடைக்கும் எண் 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று பாருங்கள். விடை 8 என்றால் 3. 16 என்றால் 4. 32 என்றால் 5. இதைக் ‘கடினப் படி’ என்போம். மடக்கை படித்தவர்கள் இதை 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

நேரம் = அ + (ஆ × கடினப் படி)

இங்கே ‘அ’, ‘ஆ’ என்பவை ஆளையும் கருவியையும் பொறுத்த மாறிலிகள். இதுவே ஃபிட்ஸ் விதி. 1948-இல் ஷானன் என்ற பொறியியலறிஞர் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் செல்லும் செய்தியை அளப்பதற்கு வகுத்த கணக்கிலிருந்து ஃபிட்ஸ் இந்தக் கருத்தைப் பெற்றார். கம்பி வழியே ஒரு விநாடியில் இவ்வளவு செய்திதான் போகும் என்ற எல்லை உண்டு. அதுபோலவே கை வழியேயும் ஓர் எல்லை உண்டு என்பது அவர் எண்ணம். இன்று செல்பேசித் திரையில் பொத்தான்களின் அளவையும் இடத்தையும் அமைப்பவர்களுக்கும் இந்த விதி பயன்படுகிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு தாளில் 1 செ.மீ. அகலமுள்ள இரண்டு பட்டைகளை, நடுவுக்கு நடு 8 செ.மீ. இருக்குமாறு வரையுங்கள். இன்னொரு தாளில் 2 செ.மீ. பட்டைகள், 16 செ.மீ. தொலைவில். மூன்றாவதில் 1 செ.மீ. பட்டைகள், 16 செ.மீ. தொலைவில். நண்பர் கடிகாரம் பார்க்கட்டும். 10 விநாடியில் பேனா முனையால் மாறி மாறி எத்தனை புள்ளி வைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். பட்டைக்கு வெளியே விழுந்த புள்ளிகள் இருபதில் ஒன்றுக்கு மேல் போனால் அந்த முறையைத் தள்ளிவிட்டு மீண்டும் செய்யுங்கள். முதல் இரண்டு தாள்களிலும் எண்ணிக்கை நெருங்கி வரும், மூன்றாவதில் குறையும். தாள்களைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். முதல் தாளும் மூன்றாவது தாளும்தான் ஒன்றுபோலத் தோன்றும்.

இப்போது வயலுக்குத் திரும்புவோம். நாற்று முடியிலிருந்து சேறு வரை கை இறங்கும் தொலைவு 40 செ.மீ. என்று கொள்வோம். கை போன போக்கில் நடும்போது, நாற்று 10 செ.மீ. அகலத்துக்குள் எங்கே விழுந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 40-இன் இரு மடங்கு 80. அதை 10-ஆல் வகுத்தால் 8. கடினப் படி 3. கயிறு பிடித்த வரிசை நடவில் இரண்டரை செ.மீ. அகலத்துக்குள் ஊன்ற வேண்டும் என்று வைப்போம். 80-ஐ இரண்டரையால் வகுத்தால் 32. கடினப் படி 5. இரண்டு படிகள் ஏறிவிட்டன. படிக்கு 0.1 விநாடி என்றால் ஒவ்வொரு முறையும் 0.2 விநாடி கூடுதல்.

‘பூ, கால் விநாடி கூட இல்லையே’ என்று தோன்றுகிறதா? பெருக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் சேர்த்து ஊன்றப்படும் நாற்றுகளை ஒரு குத்து என்பார்கள். நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளிகளில் ஒன்று 20 செ.மீ.க்கு 10 செ.மீ. அதாவது ஒரு சதுர மீட்டரில் 50 குத்துகள். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, ஏக்கருக்கு ஏறக்குறைய 2 இலட்சம் குத்துகள்! ஒவ்வொன்றுக்கும் 0.2 விநாடி கூடினால் 40,000 விநாடி. அது 11 மணி நேரத்துக்கும் மேல். தஞ்சை வட்டாரக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு மாவுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். இலேசான குச்சியை வைத்து ஆய்வுக்கூடத்தில் கிடைத்த எண் சேற்றில் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நாற்றைப் பிரிப்பது, ஊன்றுவது, பின்னோக்கி அடி வைப்பது ஆகியவற்றுக்குத் தனி நேரம் உண்டு. எனினும் எந்த வரிசையில் எண்கள் வரும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

நடவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, மாவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசியிருந்தால், அந்தப் பதினொரு மணி நேரத்தின் செலவு யாரைச் சேரும்? நடுகிற பெண்களை. நாட்கூலி என்றால் நிலக்காரரை. வரிசை நடவுக்கு ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அதைச் சோம்பல் என்றோ பழைமைப் பிடிப்பு என்றோ எழுதிவிடுவது எளிது. அது பிழையான விளக்கம் என்பது என் கருத்து. துல்லியத்துக்கு விலை நேரம். அந்த நேரத்துக்கு விலை பேசாமல் துல்லியத்தை மட்டும் கேட்டால் கை அதற்கு இணங்காது. ஏனெனில் இது மனத்தைப் பொறுத்ததன்று, கையின் அமைப்பைப் பொறுத்தது.

அப்படியானால் வரிசை எதற்கு என்று கேட்கலாம். நடுவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. செம்மை நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. எனச் சதுரமாக நடுகிறார்கள். களை எடுக்கும் உருளைக் கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் தள்ளிக்கொண்டு போவதற்கு அந்தச் சதுரம் வேண்டும். வரிசையை விட்டு விலகிய நாற்று கருவியின் கீழே மாட்டிக்கொள்ளும். ஆகவே குறியின் அகலம் எவ்வளவு என்பதை நடுகிறவர் தீர்மானிக்கவில்லை. பின்னால் வரப்போகும் கருவி தீர்மானிக்கிறது. கருவி வராத வயலில் அந்தத் துல்லியம் வெறும் அழகுக்குத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த முறையில் சதுர மீட்டருக்கு 16 குத்துகள் மட்டுமே. ஏக்கருக்கு ஏறக்குறைய 65 ஆயிரம். ஒவ்வொரு குத்துக்கும் நேரம் கூடினாலும் குத்துகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் பதினான்கு நாள் இளநாற்றை வேர் கலையாமல் ஒன்றொன்றாக எடுத்து வைப்பதும் கயிற்றை நகர்த்துவதும் அந்த இலாபத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடும், அதுவும் கை பழகாத முதல் ஆண்டில்.

கையின் அமைப்பைப் பொறுத்தது என்றேன் அல்லவா? அதைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு இயக்கவியலே போதும்.

கை ஓரிடத்திலிருந்து புறப்பட்டு இன்னோரிடத்தில் நிற்க வேண்டும். பாதி வழி முடுக்கம். மீதிப் பாதி அதே அளவு எதிர்முடுக்கம் என்று எளிமையாகக் கொள்வோம். அப்போது முடுக்கம் = 4 × தொலைவு ÷ நேரத்தின் வர்க்கம். (இதை நீங்களே வருவித்துப் பாருங்கள்.) தொலைவு 0.4 மீட்டர், நேரம் 0.5 விநாடி என்றால் முடுக்கம் 6.4 மீ./வி². நேரத்தைப் பாதியாக்கி 0.25 விநாடி என்று வைத்தால் முடுக்கம் 25.6 மீ./வி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரண்டரை மடங்கு! முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒன்றரை கிலோகிராம் என்றால், தேவையான விசை 9.6 நியூட்டனிலிருந்து 38.4 நியூட்டனாக உயர்கிறது. வேகம் இரு மடங்கு. விசையோ நான்கு மடங்கு.

தசை ஒரு நல்ல இயந்திரம். ஆனால் நடுக்கமில்லாத இயந்திரமன்று. பள்ளி ஆய்வகத்திலுள்ள சுருள்வில் தராசைக் கொக்கியில் மாட்டி, முள் 5 நியூட்டனில் நிற்குமாறு இழுத்துப் பிடியுங்கள். முள் ஏறக்குறைய அசையாது. பிறகு 40 நியூட்டனில் நிறுத்திப் பாருங்கள். முள் ஆடுவது கண்ணுக்கே தெரியும். விசை கூடக் கூட அதன் தடுமாற்றமும் கூடுகிறது. நரம்பு வழியே வரும் கட்டளையிலேயே இந்தத் தடுமாற்றம் கலந்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டில் ஹாரிஸ், வோல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், கட்டளை வலுக்கும்போது தடுமாற்றமும் வலுக்கும் என்ற இந்த ஒன்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, கையும் கண்ணும் ஏன் இப்படி அசைகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஃபிட்ஸ் விதியும் அதிலிருந்து கிடைத்தது.

விரைந்த கை குறி தவறுவதற்கு முதற் காரணம் இது. இரண்டாவது காரணம் கண்.

இதை ஆராய்ந்தவர் வேறொருவர். ஃபிட்ஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே. 1899-இல் உட்வொர்த் என்பவர் நகரும் தாளில் பென்சிலால் கோடு இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தாளக் கருவி ஒன்று வேகத்தை வகுத்துக் கொடுத்தது. ஒரு முறை கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு முறை மூடிக்கொண்டு. மெதுவாக இழுத்தபோது கண் திறந்திருந்தவரின் பிழை மிகக் குறைவு. வேகம் கூடக் கூட அந்தப் பிழை வளர்ந்தது. கண் மூடியிருந்தபோது நிலைமை வேறு: பிழை தொடக்கத்திலேயே அதிகம், ஆனால் வேகத்தால் பெரிதாக மாறவில்லை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 கோடுகள் என்ற வேகத்தை எட்டியபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. கண் திறந்திருந்தும் பயனில்லை!

காரணம் இதுதான். குறியை நோக்கிப் போகும் கைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்று உட்வொர்த் கண்டார். முதலில் ஒரே வீச்சில் குறியின் அருகே போகிறது. பிறகு கண் பார்த்துச் சொல்லும் திருத்தங்களால் மெல்லக் குறியில் அமர்கிறது. ஆனால் கண் கண்டது மூளைக்குச் சென்று, அங்கிருந்து கட்டளை தசைக்கு வந்து சேர நேரமாகும், ஏறக்குறைய 0.2 விநாடி, சில நிலைகளில் அதைவிடச் சற்றுக் குறைவு. அதற்குள் அசைவு முடிந்துவிட்டால் திருத்தத்துக்கு இடமேது? விட்ட அம்பு போலத்தான். கயிற்று அடையாளத்துக்கு நேரே நாற்று ஊன்றும் பெண்ணின் கை சேற்றின் அருகே வந்ததும் தயங்குவது போலத் தோன்றுகிறதே, அது தயக்கமன்று. திருத்தம் நடக்கும் நேரம்.

இத்தனையும் உண்மை என்றால், தவில் எப்படிச் சாத்தியமாகிறது? வலங்கைமான் என்றதும் இசை தெரிந்தவர்கள் நினைப்பது தவில் வித்துவான் ஏ. சண்முகசுந்தரம் பிள்ளையை அல்லவா? முதற் காலத்தில் வாசித்த சொல்லையே இரண்டாங் காலத்தில் இரு மடங்கு வேகத்திலும், மூன்றாங் காலத்தில் நான்கு மடங்கு வேகத்திலும் வாசிக்கிறார்கள். தட்டு விழும் இடமோ, நேரமோ பிசகுவதில்லை. ஃபிட்ஸ் விதி இங்கே தோற்றுவிட்டதா?

இல்லை. அடுத்த திருவிழாவில் மேடைக்கு அருகே போய் நின்று கையை மட்டும் பாருங்கள். முதற் காலத்தில் இடக்கைக் குச்சி நன்றாக எழும்பி விழும். வலக்கையில் கூடு மாட்டிய விரல்கள் விரிந்து எழும். காலம் கூடியதும் குச்சியும் விரல்களும் தோலை விட்டு அதிகம் விலகுவதில்லை. முன்பு எழுதிய சமன்பாட்டைப் பாருங்கள். நேரம் பாதியாகும்போது தொலைவைக் கால் பங்காகக் குறைத்துவிட்டால் முடுக்கம் மாறுவதேயில்லை! விசை மாறவில்லை என்றால் தடுமாற்றமும் கூடாது. ஃபிட்ஸ் விதிப்படி பார்த்தாலும் தொலைவு கால் பங்கானால் கடினப் படி இரண்டு குறைந்துவிடுகிறது. போதாததற்கு, இழுத்துக் கட்டிய தோல் குச்சியைத் தானே திருப்பி எறிகிறது. பாதி வேலை தசைக்கு மிச்சம். முழங்கைக்குப் பதில் மணிக்கட்டும் விரல்களும் அசைவதால் நகர்த்த வேண்டிய நிறையும் குறைவு.

கண்ணின் சிக்கலையும் அவர்கள் கடந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்த நேரமில்லை. ஆகவே ஒரு சொற்கட்டு முழுவதையும் ஒரே கட்டளையாக மூளை அனுப்புகிறது. அந்தக் கட்டளையைச் செதுக்குவதற்குத்தான் ஆண்டுக்கணக்கான சாதகம். சுருட்டுச் சுற்றும் தொழிலாளரின் வேகத்தை ஆராய்ந்து 1959-இல் எழுதிய கிராஸ்மன் என்பவர், பழக்கத்தால் வரும் முன்னேற்றம் சில வாரங்களில் நின்றுவிடுவதில்லை, ஆண்டுகள் கடந்தும் மெல்ல மெல்லத் தொடர்கிறது என்று காட்டினார். நடவு வயலிலும் இதைக் காணலாம். பழகிய கை நாற்று முடியைச் சேற்றுக்கு அருகே தாழ்த்திப் பிடிக்கும். தொலைவு குறைகிறது அல்லவா? புதிதாக வந்தவர் முடியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாற்றுக்கும் முழுக் கையையும் வீசுவார்.

உட்வொர்த்தின் சோதனையை நீங்கள் தாளக் கருவி இல்லாமலே செய்யலாம். உங்களிடம் தனி ஊசல் இருக்கிறதே! ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் கட்டிய புள்ளியிலிருந்து குண்டின் நடு வரை 1 மீட்டர் இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக ஏறக்குறைய 1 விநாடி. 25 செ.மீ. என்றால் அரை விநாடி. 11 செ.மீ. என்றால் மூன்றில் ஒரு விநாடி. குண்டு ஒவ்வொரு பக்கத்தை எட்டும்போதும் நண்பர் மேசையில் தட்டி ஓசை எழுப்பட்டும்.

வரைபடத்தாளில் 16 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் வரையுங்கள். ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு புள்ளி. இடக்கோட்டில் ஒன்று, வலக்கோட்டில் ஒன்று. இருபது புள்ளிகள் வைத்ததும் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியும் தன் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுங்கள். பிறகு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வேறொரு தாளில் அதையே செய்யுங்கள். தொடங்கும் முன் நண்பர் உங்கள் கையைப் பிடித்து இரு கோடுகளையும் ஒரு முறை தொட்டுக் காட்டலாம். மூன்று நீளங்களுக்கும் செய்தால் ஆறு சராசரிகள் கிடைக்கும். கிடை அச்சில் ஒரு தட்டலுக்கான நேரத்தையும் செங்குத்து அச்சில் பிழையையும் குறித்து, திறந்த கண்ணுக்கு ஒரு கோடும் மூடிய கண்ணுக்கு ஒரு கோடும் வரையுங்கள். இரண்டு கோடுகளும் எந்தப் பக்கத்தில் நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். நேரமிருந்தால் இடக்கையாலும் ஒரு முறை.